மாமல்லபுரத்துக்கும் ஜலகண்டாபுரத்துக்கும் நடுவே

ரஷ்யாவில் நடக்கவேண்டிய 44ஆவது செஸ் ஒலிம்பியாட், உக்ரைன் போர் தொடங்கியதால் அங்கிருந்து விலக்கப்பட்டு, 2022 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு வந்தது. நான்கு மாதங்களில் எல்லாம் ஏற்பாடாயிற்று. மாநில அரசு முதலில் ஒதுக்கிய தொகை 92.13 கோடி ரூபாய். ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் பொதுப் பிரிவில் 188 அணிகளும் பெண்கள் பிரிவில் 162 அணிகளும் ஆடின. சென்னையில் நேப்பியர் பாலம் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக மாறியது. வேட்டி சட்டையோடு கைகூப்பி நின்ற, போட்டிச் சின்னமான ‘தம்பி’ குதிரை மாநிலமெங்கும் முகம் காட்டியது. எல்லாம் முடிந்து ஊர்கள் தங்கள் வேலைக்குத் திரும்பிவிட்டன. இப்படிப்பட்ட ஒரு விழா முடிந்தபின் அதை நடத்திய மண்ணில் எஞ்சுவது என்ன என்ற கேள்வியைத் தலைநகரில் நின்று கேட்டால் ஒரு விடை வரும். முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், சேலம் மாவட்டத்தின் மேற்குப் பக்கம், தறியை நம்பி வாழும் ஜலகண்டாபுரம் போன்ற ஒரு பேரூராட்சியில் நின்று கேட்டால் வேறு விடை வரும். இரண்டாவது இடத்திலிருந்து கேட்பதே சரி என்பது இந்தக் கட்டுரையின் கட்சி. விழாவின் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஏதாவது கிடைக்காமல் போகாது. விழாவைக் கண்ணால் காணாத ஊருக்கு அது வந்து சேர்ந்ததா என்பதில்தான் அதன் நீடித்த பலன் தெரியும். அப்படி வந்து சேர்ந்த இடங்களை ஆராய்ந்தால், விழாவுக்கு முன்பே அங்கே ஒரு பழக்கமும் அமைப்பும் இருந்ததையும், விழாவுக்குப் பின் சிறிய போட்டிகள் ஆண்டு தவறாமல் தொடர்ந்ததையும் பார்க்கலாம். இவை இரண்டும் இல்லாத இடத்தில் காங்கிரீட்டும் கடனும்தான் மிஞ்சியிருக்கின்றன.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் அதில் இன்று பெரிய சண்டை இல்லை. ஒலிம்பிக் செலவுகளை ஆராய்ந்த ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர், 1960-க்குப் பிறகு தகவல் கிடைத்த எல்லா ஒலிம்பிக்குகளும் முதல் மதிப்பீட்டைத் தாண்டியே முடிந்தன என்று காட்டியிருக்கிறார்கள். 1976-இல் போட்டி நடத்திய மாண்ட்ரியல் அதற்காக வாங்கிய கடனை 2006-இல்தான் அடைத்து முடித்தது. நம் பக்கத்திலேயே, இலங்கையின் அம்பாந்தோட்டையில் 2011 கிரிக்கெட் உலகக் கோப்பைக்காக ஒரு பெரிய மைதானம் எழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் 2018 காமன்வெல்த் போட்டியையும் கேட்டு, கோல்டுகோஸ்டிடம் தோற்றார்கள். ஆட்களற்ற காட்டுப்பகுதியில் நிற்கும் அந்த மைதானம் பின்னாளில் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடப்பட்டது. எதிர் உதாரணமாக எப்போதும் இரண்டு நகரங்களின் பெயர் வரும். ஒன்று 1992-இன் பார்சிலோனா. அங்கே செலவில் பெரும்பகுதி சாலைக்கும் கடற்கரைக்கும் போனது. அந்த நகரத் திட்டங்களில் பல ஒலிம்பிக்குக்கு முன்பே வரையப்பட்டவை. மற்றொன்று 1984-இன் லாஸ் ஏஞ்சலஸ். ஏற்கெனவே இருந்த மைதானங்களைப் பயன்படுத்தி, மீந்த தொகையில் நாற்பது சதவீதத்தை, ஏறக்குறைய 9.3 கோடி டாலரை, உள்ளூர் இளைஞர் விளையாட்டுக்கான ஓர் அறக்கட்டளையில் போட்டார்கள். அது இன்றைக்கும் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. விதிவிலக்காகச் சொல்லப்படும் இந்த இரு நகரங்களும், கவனித்துப் பார்த்தால், என் கட்சிக்கே சாட்சி சொல்கின்றன: ஒன்றில் முன்பே திட்டம் இருந்தது, மற்றதில் முன்பே மைதானம் இருந்தது, பின்பு நடத்தவும் ஆள் இருந்தது.

இந்தியாவின் கணக்கு தில்லியில் தொடங்குகிறது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை நினைவுகூர்பவர்கள் ஜவஹர்லால் நேரு மைதானம், மேம்பாலங்கள், வண்ணத் தொலைக்காட்சி என்று அடுக்குவார்கள். அவற்றைவிட அதிகம் நீடித்த ஒன்று அந்தப் பட்டியலில் வருவதே இல்லை. கட்டுமானப் பணிகளுக்கு அழைத்துவரப்பட்ட தொழிலாளர்களின் நிலையை மக்கள் ஜனநாயக உரிமைக் கழகம் ஆராய்ந்து நீதிபதி பகவதிக்கு ஒரு கடிதம் எழுதியது. உச்ச நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்றுக்கொண்டது. நாளொன்றுக்கு 9.25 ரூபாய் குறைந்தபட்சக் கூலி. அதில் ஆள் பிடித்துவந்த ஜமாதார் தலைக்கு ஒரு ரூபாய் எடுத்துக்கொண்டு 8.25 ரூபாய் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. போட்டி தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போது, 1982 செப்டம்பரில், தீர்ப்பு வந்தது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்றது நீதிமன்றம். பசிக்காக ஒப்புக்கொண்ட வேலையும் கட்டாயத்தில் சேரும் என்று அது சொன்னபோது, அடித்து வேலை வாங்கினால்தான் கொத்தடிமை என்ற பழைய எண்ணம் ஆட்டம் கண்டது. முன்பணம் வாங்கிய கடனுக்காகத் தறிக்கூடத்தை விட்டு நகர முடியாமல் கிடந்த பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்துத் தொழிலாளிக்கு 1982 ஆசியப் போட்டியால் விளைந்த பலன் என்று ஏதாவது இருக்குமானால், அது இந்தத் தீர்ப்பாகவே இருக்கும். விழாவை நடத்தியவர்கள் இதைத் திட்டமிடவில்லை என்பது வேறு விஷயம். திட்டமிட்டவை துருப்பிடித்து, திட்டமிடாதது நிலைத்தது. இங்கும் ஒரு முன்நிபந்தனை இருந்ததைப் பார்க்க வேண்டும்: உரிமைக் கழகம் ஒன்று முன்பே இயங்கிக்கொண்டிருந்தது, பொதுநல வழக்கு என்ற கதவு அப்போதுதான் திறந்திருந்தது.

2010 காமன்வெல்த் போட்டியில் அப்படி எதுவும் வாய்க்கவில்லை. 2003-இல் சுமார் 1,200 கோடி ரூபாய் என்று சொல்லப்பட்ட செலவு, 2011-இல் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையில் 18,532 கோடியாக நின்றது. பட்டியல் சாதி மக்களுக்கான சிறப்புக் கூறு நிதியிலிருந்து பல நூறு கோடி ரூபாய் இந்தப் பணிகளுக்குத் திருப்பப்பட்ட விவகாரம் நாடாளுமன்றம் வரை போயிற்று. அமைப்புக் குழுத் தலைவர் கைதானார். இந்தியா 38 தங்கத்தோடு 101 பதக்கம் வென்றது மெய். அந்தப் பெருமையைக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் தில்லி மக்கள் இன்று அன்றாடம் பயன்படுத்தும் மெட்ரோ அந்தப் போட்டியால் வந்ததன்று; அதன் முதல் பாதை 2002-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. போட்டிக்கு முன் முடிப்பதாகச் சொன்ன விமான நிலைய மெட்ரோ பாதைதான் போட்டியைத் தவறவிட்டு 2011 பிப்ரவரியில் திறந்தது. பெரிய விழாவை வைத்தால் கெடுவுக்குப் பயந்தாவது வேலை நடக்கும் என்ற வாதம் இங்கே நொண்டுகிறது. கெடு, வேலையை விரைவாக்கியதைவிட ஒப்பந்தக்காரரின் விலையைத்தான் அதிகம் உயர்த்தியது.

சென்னைக்கு வருவோம். 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அதை ஒட்டி நகரம் பெற்றவை வேளச்சேரி நீச்சல் வளாகம், நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கம், எழும்பூர் ஹாக்கி மைதானத்துச் செயற்கைத் தரை. பெரியமேட்டு நேரு மைதானமும் அதற்குச் சற்று முன்பு, 1993-இல், புதிதாகக் கட்டப்பட்டிருந்தது. ஒரே காலத்தில் எழுந்த இந்த நான்கின் பிற்காலக் கதை ஒன்றுபோல் இல்லை. நுங்கம்பாக்கத்துக்கு 1997-இல் ஒரு சர்வதேச ஆண்கள் டென்னிஸ் போட்டி வந்தது. 2017 வரை ஆண்டுதோறும் தவறாமல் நடந்தது. மோயா, நடால், வாவ்ரிங்கா எல்லாம் இங்கே ஆடினார்கள். 2009-இல் தனி அனுமதியில் களமிறங்கிய சோம்தேவ் தேவ்வர்மன் இறுதி ஆட்டம் வரை போனார். எழும்பூரில் 1996-லும் 2005-லும் ஹாக்கி சாம்பியன்ஸ் டிராபி நடந்தது; 2023-இல் ஆசிய சாம்பியன்ஸ் டிராபியும் நடந்தது. தெற்காசியப் போட்டியில் யார் எத்தனை பதக்கம் வென்றார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. நினைவில் இருக்கத் தேவையும் இல்லை. அடுத்தடுத்து வந்த போட்டிகளே அந்தக் கட்டடங்களுக்கு உயிர் கொடுத்தன. டென்னிஸ் போட்டி புனேவுக்குப் போனபின் நுங்கம்பாக்கம் சில ஆண்டுகள் வெறிச்சோடியது. 2022-இல் பெண்கள் போட்டி வந்தபின்தான் மறுபடி விளக்கெரிந்தது. இதற்கு நேர்மாறானது சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தின் கதை. 2011 உலகக் கோப்பைக்காக மைதானத்தைப் புதுப்பித்துக் கட்டினார்கள். உலகக் கோப்பை முடிந்தபின் புதிய காலரிகளில் மூன்று, அனுமதித் தகராறில் பூட்டப்பட்டன. ஏறக்குறைய 12,000 இருக்கைகள் பல ஆண்டுகள் காலியாகக் கிடந்தன. அதன் காரணமாகவே 2016 டி20 உலகக் கோப்பையில் சென்னைக்கு ஆண்கள் ஆட்டம் ஒன்றும் கிடைக்காமல் போயிற்று. உலகக் கோப்பைக்காகக் கட்டியதே அடுத்த உலகக் கோப்பையை விரட்டிய வேடிக்கை வேறு எந்த ஊரில் நடந்தது என்று தெரியவில்லை.

செஸ்ஸின் கதை இவை எல்லாவற்றையும்விட விரிவாகப் பார்க்கத் தக்கது. 2013 நவம்பரில் ஆனந்துக்கும் கார்ல்சனுக்கும் இடையிலான உலகச் சாம்பியன் போட்டி சென்னையில் நடந்தது; மாநில அரசு 29 கோடி ரூபாய் கொடுத்தது. ஆனந்த் தோற்றார். அவர்கள் ஆடிய கண்ணாடி அறையைப் பார்வையாளர் வரிசையிலிருந்து பார்த்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவன், தானும் ஒருநாள் அதற்குள் உட்கார வேண்டும் என்று நினைத்ததாகப் பின்னாளில் சொன்னான். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று உலகச் சாம்பியனான குகேஷ்தான் அவன். இந்த இரண்டு தேதிகளையும் ஒட்டவைத்துவிட்டு, பெரிய போட்டி நடத்தினால் சாம்பியன் பிறப்பான் என்று சொல்லிவிடுவது எளிது. நடுவிலிருக்கும் பதினோரு ஆண்டுகளையும், அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டுகளையும் அந்தச் சூத்திரம் விழுங்கிவிடுகிறது. மானுவல் ஆரோன் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரானது 1961-இல். 1972-இல் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் தால் செஸ் கிளப் தொடங்கியது. ஆனந்த் கிராண்ட்மாஸ்டரானது 1988-இல். அதன்பின் வந்த பயிற்சிக் கூடங்கள், பிள்ளைக்குப் பரீட்சையிலிருந்து விடுப்புக் கொடுத்த பள்ளிகள், வார இறுதிப் போட்டிகள், நடுவர்கள், வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு ஊர் ஊராகப் போன பெற்றோர் என்று ஒரு நீண்ட வரிசை இருக்கிறது. அந்த வரிசை இருந்ததால் 2013-இன் கண்ணாடி அறை ஒரு சிறுவன் மனத்தில் பதிந்தது. வானம் பார்த்த பூமியில் மழை எங்கும்தான் பெய்கிறது. கரை கட்டிய ஏரியில்தான் தண்ணீர் நிற்கிறது.

மாமல்லபுரத்தில் இந்தியாவின் இரண்டாம் அணி வெண்கலம் வென்றது; முதல் பலகையில் தொடர்ந்து எட்டு ஆட்டம் வென்ற குகேஷுக்குத் தனிநபர் தங்கம் கிடைத்தது. பொதுப் பிரிவின் தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது. அந்த நாடு அதுவரை ஒலிம்பியாட் நடத்தியதில்லை. 2026-ஆம் ஆண்டு ஒலிம்பியாடுக்கு அதன் சமர்கண்ட் நகரம் தேர்வானது. வலுவை முதலில் தேடிக்கொண்டு விழாவைப் பிறகு அழைத்த வரிசை அது. தமிழ்நாட்டுக்கு ஒலிம்பியாட் கொடுத்ததில் மிகப் பெரியது பதக்கமோ புகழோ அல்ல என்று நினைக்கிறேன்; அரசு அலுவலகம் ஒன்று செஸ் போட்டி நடத்தக் கற்றுக்கொண்டதே. 2023 டிசம்பரில், உலகச் சாம்பியன் தகுதிச் சுற்றுக்கான புள்ளிகளைச் சேர்க்கக் காலம் முடியும் தறுவாயில், சில வாரங்களுக்குள் ‘சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ்’ என்ற போட்டியை மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஏற்பாடு செய்தது. பரிசுத் தொகை ஐம்பது லட்சம். குகேஷ் அதில் முதலிடம் பெற்று, கேண்டிடேட்ஸ் என்ற அந்தத் தகுதிச் சுற்றில் இடம் பெற்று, அங்கிருந்து சிங்கப்பூருக்குப் போனார். உள்ளூர்ப் பிள்ளைக்காகவே அவசரமாக மேடை போட்டார்கள் என்ற முணுமுணுப்பு உலகச் செஸ் வட்டத்தில் எழுந்தது. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அவசரமாக மேடை போட எந்த நகரத்துக்கு முடியும் என்பதையும் கேட்க வேண்டும். அந்தப் போட்டி அத்தோடு நிற்கவுமில்லை. 2024 நவம்பரிலும் 2025 ஆகஸ்டிலும் நடந்தது. இரண்டாம் ஆண்டிலிருந்து ‘சேலஞ்சர்ஸ்’ என்று ஒரு கீழ்ப் பிரிவைச் சேர்த்தார்கள். அதில் வெல்பவருக்கு அடுத்த ஆண்டு மேல் பிரிவில் இடம். 2024-இல் வென்ற பிரணவ் அப்படி மேலே வந்தார். 2025-இல் வென்றவர் காரைக்குடிக்காரர் பிரணேஷ். 92 கோடியின் உண்மையான வட்டி இந்தக் கீழ்ப் பிரிவில்தான் இருக்கிறது. ஏணியின் அடிப் படியைப் போட எந்த விழாக் குழுவும் தொடக்க விழாவில் வாக்குறுதி தரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த ஏணி சேலம் பக்கம் வரை நீள்கிறதா? ஜலகண்டாபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது சின்னப்பம்பட்டி. கிரிக்கெட் வீரர் நடராஜனின் ஊர். டென்னிஸ் பந்துப் போட்டிகளில் யார்க்கர் வீசிப் பழகியவர். சென்னை லீக்கின் கீழ்ப் பிரிவில் நுழைந்து, 2016-இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் கண்ணில் பட்டு, 2017-இல் மூன்று கோடி ரூபாய்க்கு ஐபிஎல்லுக்குப் போய், 2020-21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். சேப்பாக்கத்தில் உலகக் கோப்பை நடந்தது அவர் இருபது வயதை எட்டும் நேரத்தில். அதற்கும் அவர் முன்னேற்றத்துக்கும் முடிச்சுப் போட ஒரு நூலிழையும் கிடைக்கவில்லை. முடிச்சுப் போட முடிவது மாநில லீக்கோடு, ஆண்டுதோறும் நடக்கும் ஓர் உள்நாட்டுப் போட்டியோடு. சின்னப்பம்பட்டியில் 2023-இல் திறந்த மைதானத்தை அவரே கட்டினார். பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்றவர். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். அவர் தாண்டக் கற்ற காலத்தில் இந்த மாநிலத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான பெரிய சர்வதேசப் போட்டி எதுவும் நடக்கவில்லை. சேலம் மாவட்டம் உலகுக்குக் கொடுத்த இருவரும் நம் விழாக்களின் நிழல் படாத ஊர்களிலிருந்து வந்தவர்கள். இதைக் கொண்டு விழாக்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விழாவைக் கண்டால்தான் பிள்ளைகள் விளையாட வருவார்கள் என்ற வாக்குறுதியை மட்டும் இது பலவீனமாக்குகிறது. தலைமுறையையே விளையாட வைப்போம் என்று சொல்லி 2012 ஒலிம்பிக்கை நடத்திய லண்டனிலும், அடுத்த மூன்றாண்டுகளில் வாரம் ஒருமுறையாவது விளையாடும் பெரியவர்களின் விகிதம் குறைந்ததாக அந்நாட்டுத் தணிக்கை அலுவலகமே 2022-இல் எழுதியது.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது ஒன்று உண்டு. விழா வராவிட்டால் அந்த 92 கோடி ஜலகண்டாபுரத்துக்கா வந்திருக்கும் என்று கேட்கிறார்கள். வந்திருக்காது, அது உண்மை. அரசாங்கங்கள் விளையாட்டுக்கு மனமிரங்குவது கேமராக்கள் வரும்போதுதான். ஆனால் விழாப் பணம் வானத்திலிருந்து விழுவதில்லை என்பதைத் தில்லியின் சிறப்புக் கூறு நிதி காட்டிவிட்டது. யாருடைய பங்கிலோ கைவைத்துத்தான் அது வருகிறது. மேலும், கேமரா வரும் நேரமே பேரம் பேச நல்ல நேரம். லாஸ் ஏஞ்சலஸ் அதைத்தான் செய்தது: மீந்ததில் இத்தனை பங்கு உள்ளூருக்கு என்று விழாவுக்கு முன்பே எழுதி வைத்துக்கொண்டது. இன்னொரு மறுப்பு, செஸ் மலிவான ஆட்டம், பலகையும் காயும் போதும், அதைக் காட்டி ஹாக்கியையும் தடகளத்தையும் அளக்கக் கூடாது என்பது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செலவு கூடக்கூட, மறுநாளைப் பற்றிய கேள்வி இன்னும் கடுமையாகத்தானே வேண்டும்? நாட்டின் பெருமை என்ற வாதத்தோடு எனக்குச் சண்டை இல்லை. திருவிழா நடத்துவது மனிதர் இயல்பு. மாமல்லபுரத்தில் அந்தப் பதினான்கு நாளும் மக்கள் மகிழ்ந்தார்கள். அதைத் திருவிழாச் செலவு என்றே எழுதிக் காட்டலாம். முதலீடு என்று எழுதினால் வருவாயைக் காட்டியாக வேண்டும்.

அடுத்த சோதனைகள் காத்திருக்கின்றன. 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாதுக்கு என்று 2025 நவம்பரில் முடிவாயிற்று; 2036 ஒலிம்பிக்கையும் இந்தியா கேட்டிருக்கிறது. அதே 2025 நவம்பர்–டிசம்பரில் இளையோர் ஹாக்கி உலகக் கோப்பை 24 அணிகளோடு சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. அதற்காக மதுரை ரேஸ்கோர்ஸ் வளாகத்தில் புதிய செயற்கைத் தரை மைதானம் வந்தது. சென்னைக்கு வெளியே ஓர் உலகக் கோப்பை ஆட்டம் போனது நல்ல மாற்றம். ஆனால் செயற்கைத் தரை என்பது நாள்தோறும் தண்ணீர் கேட்கும், சில ஆண்டுகளில் தேயும், மாற்ற வேண்டிவரும் பொருள். மதுரையில் வாரந்தோறும் லீக் ஆட்டம் நடந்தால் அந்தச் செலவு தகும். பூட்டிவைத்து அமைச்சர் வரும்போது திறந்தால் தகாது. எனவே போட்டியைக் கேட்கும் எந்த அரசும் இரண்டு தாள்களைச் சேர்த்தே வெளியிட வேண்டும் என்பது என் யோசனை. ஒன்றில், போட்டி முடிந்த பின் பத்தாண்டுகளுக்கு அந்த மைதானத்தை நடத்தும் செலவும், அதைத் தருபவர் பெயரும் இருக்கட்டும். மற்றதில், மாவட்டங்களுக்குப் போகும் பங்கு. ஒலிம்பியாடுக்கு ஒதுக்கிய தொகையில் ஒரே ஒரு சதவீதம் 92 லட்சம். 38 மாவட்டங்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு ஏறக்குறைய 2.4 லட்சம். ஒரு மாவட்டத் தலைநகரில் வாரக் கடைசியில் இரண்டு நாள் தரவரிசைப் போட்டி ஒன்றை, நுழைவுக் கட்டணத்தைக் குறைத்து, நடுவர்களுக்குச் சம்பளம் கொடுத்து நடத்த அது தாராளம். சேலத்தில் அப்படி ஒன்று ஆண்டுதோறும் நடக்குமானால், ஜலகண்டாபுரம் பிள்ளை காலை பேருந்தில் போய் ஆடிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். தறியை நிறுத்திவிட்டு அப்பா கூடப் போகவேண்டியதும் இல்லை.